மேப்பிள் பாணி இலவசமில்லை, அதைக் குசினியில் காய்ச்சவும் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன கிழமை உங்கள் சமையல் பக்கத்தில் வந்த மேப்பிள் சிரப் (நாங்கள் பாணி என்பது) குறிப்பை வாசித்தேன். வாசல் மரத்தில் ஒரு துளை போட்டு, ஒரு பானைச் சாறு பிடித்து, அடுப்பில் ஒரு மணித்தியாலம் கொதிக்க விட்டால் வீட்டிலேயே இலவசமாகச் சிரப் கிடைக்கும் என்று போட்டிருந்தீர்கள். எழுதியவர் ஒரு தடவையாவது காய்ச்சிப் பார்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. மாசி முடியப் போகிறது, இன்னும் இரண்டு கிழமைக்குள் யாராவது இதை நம்பிக் குசினியில் இறங்கிவிடுவார்கள். நானே ஒரு காலத்தில் அப்படி இறங்கியவன்தான், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த ஒரு பானைக் கணக்கு. மேப்பிள்களில் இனிப்புக் கூடிய வகையான சீனி மேப்பிள் மரத்திலிருந்து வடிகிற தண்ணியில் சீனி ஏறக்குறைய 2 வீதம்தான். பாணி என்று சொல்ல அது 66 வீதத்துக்கு வரவேண்டும். இங்கே கனடாவில் பாணி காய்ச்சுகிறவர்களிடம் இதற்கு ஒரு சுருக்கக் கணக்கு இருக்கிறது: 86ஐச் சாற்றின் சீனி வீதத்தால் பிரித்தால் ஒரு லீற்றர் பாணிக்கு எத்தனை லீற்றர் சாறு வேண்டும் என்று வரும். 2 வீதமென்றால் 43 லீற்றர். சாதாரணமாக 40க்கு 1 என்று சொல்வார்கள். ஐந்து லீற்றர் பானையை நிரப்பிக் காய்ச்சினால் அரைத் தேத்தண்ணிக் கோப்பை அளவு மிஞ்சும். குறிப்பில் சொன்னபடி ஒரு மணித்தியாலத்தில் நிறுத்தினால், உங்களிடம் இருப்பது லேசாக இனிக்கிற சுடுதண்ணி.

மிச்சம் 42 லீற்றர் எங்கே போகிறது? ஆவியாக வீட்டுக்குள் போகிறது. முதல் வருஷம் நாங்கள் ரொறன்ரோவில் எங்கள் ஸ்காபரோ வீட்டில் குசினி அடுப்பில் இரண்டு பெரிய பானை வைத்துக் காலையிலிருந்து இரவு வரைக்கும் காய்ச்சினோம். மத்தியானத்துக்குள் ஜன்னல் கண்ணாடியெல்லாம் வேர்த்து வழிந்தது, பின்னேரம் புகை அலாரம் கத்தியது, அடுத்த நாள் காலை மேல் கபேட் கதவைத் திறந்த மனைவியின் விரல்கள் கதவோடு ஒட்டிக்கொண்டன. கொதிக்கும்போது தெறிக்கிற மிக நுண்ணிய சீனித் துளிகள் ஆவியோடு மேலே போய்ப் படிந்துவிடும். சாப்பாட்டு மேசைப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்த பூப்போட்ட தாள் ஒரு மூலையில் கழன்று தொங்கியது. சந்தோஷத்துக்கு ஒன்றே ஒன்று, மனைவிக்கு அந்தத் தாள் ஏற்கனவே பிடிக்காது.

ஆகவே வெளியில்தான் காய்ச்சவேண்டும். வசதியான வளவு உள்ள நாட்டுப்புறத்தில் கல்லடுக்கி விறகு மூட்டுவார்கள், ரொறன்ரோவுக்குள் பின்வளவில் அப்படி மூட்ட விடமாட்டார்கள். நான் வைத்திருப்பது புரொப்பேன் சிலிண்டரில் எரிகிற, முகாமுக்குக் கொண்டுபோகிற வகை அடுப்பு. அதைக் கராஜுக்குள் வைக்கவே கூடாது, கதவு திறந்திருந்தாலும் கூடாது, நச்சு வாயு வரும். பானையைவிட அகலமான, ஆழம் குறைந்த தட்டு நல்லது, மேற்பரப்பு எவ்வளவு அகலமோ அவ்வளவு வேகமாக ஆவி போகும். முதல் தடவை வெளியில் காய்ச்சியபோது பக்கத்து வீட்டு அண்ணர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, கசிப்பு காய்ச்சுறியோ?" என்றார். அவர் நம்பாமல் வந்து மணந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

அடுத்தது "வாசல் மரம்" என்ற பேச்சு. நடைபாதை ஓரத்தில் நிற்கிற மரம் அநேகமாக மாநகரத்தின் மரம், உங்கள் வீட்டுக்கு முன்னால் நின்றாலும் அதில் ட்றில் வைக்க உங்களுக்கு உரிமையில்லை. தெருவோரத்தில் நடப்பட்ட மேப்பிள்களில் நிறைய நோர்வே மேப்பிள், ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்தது. இலைக் காம்பை முறித்தால் பால் வரும், சீனி மேப்பிளில் வராது. நோர்வே மேப்பிளிலும், சிவப்பு, வெள்ளி மேப்பிள்களிலும் கூடச் சாறு எடுக்கலாம், ஆனால் அவற்றில் இனிப்பு பொதுவாகக் குறைவு, அதனால் காஸ் இன்னும் கூட எரியும். மாசியில் மரத்தில் இலை எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். உண்மைதான், அதனால்தான் இலையுதிர் காலத்திலேயே மரத்தைப் பார்த்து ஒரு நாடா கட்டி வைக்கவேண்டும். இந்த வருஷம் கட்டாதவர்கள் கிளையைப் பார்க்கலாம்: மேப்பிளில் மொட்டுகள் ஒன்றுக்கொன்று எதிரெதிராக இருக்கும், சீனி மேப்பிளின் மொட்டு மண்ணிறத்தில் ஊசி முனைபோலக் கூர்மையாக இருக்கும்.

மரம் 25 சென்ரிமீற்றர் விட்டத்துக்குக் குறையக்கூடாது, அதற்கு ஒரு துளை போதும். 45க்கு மேலே போனால் இரண்டு. துளை 8 மில்லிமீற்றர் அகலம், நாலைந்து சென்ரிமீற்றர் ஆழம், சாறு வெளியே வழிகிறமாதிரி உள்ளே கொஞ்சம் மேல்நோக்கிய சரிவு. ட்றிலில் வருகிற தூள் வெளிர் நிறமாக இருந்தால் நல்ல மரம், கறுத்த மண்ணிறமாக வந்தால் அந்த இடம் செத்துப்போனது, தள்ளிப் போடுங்கள். அடுத்த வருஷம் பழைய துளைக்குப் பக்கத்தில் போடக்கூடாது. வாளி உணவுக்கு என்று செய்ததாக இருக்கவேண்டும், சவர்க்காரம் வந்த வாளி வேண்டாம், பழைய சாமான் விற்கிற இடங்களில் அழகாகத் தெரிகிற பழங்கால நாகமுலாம் வாளிகளும் வேண்டாம். அவற்றின் மூட்டுகளை ஈயம் கலந்துதான் ஒட்டியிருப்பார்கள்.

எப்போது என்பதைக் குறிப்பில் எழுதவேயில்லை, முக்கியமே அதுதான். இரவில் உறையவேண்டும், பகலில் உருகவேண்டும். இரவில் மைனஸ் 5, பகலில் பிளஸ் 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவுக் குளிரில் மரம் கீழிருந்து தண்ணியை உள்ளே இழுக்கும், பகல் சூட்டில் உள்ளே அழுத்தம் கூடி எங்கே துளை இருக்கிறதோ அதற்குள்ளால் தள்ளும். நாளெல்லாம் குளிர் என்றால் ஒரு சொட்டும் வராது, நாளெல்லாம் சூடு என்றாலும் நின்றுவிடும். மொட்டு விரியத் தொடங்கினால் சாற்றில் ஒரு கெட்ட வாடை வரும், அதைக் காய்ச்சிப் பிரயோசனமில்லை, துளையில் செருகிய குழாயைக் கழற்றிவிட்டு மரத்தை அதன்பாட்டில் விடவேண்டியதுதான், துளையை மரமே மூடிக்கொள்ளும்.

பனையைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதெல்லாம் தலைகீழாகத் தெரியும். ஊரில் அப்பு பாளையைச் சீவி முட்டி கட்டும்போது உள்ளே சுண்ணாம்பு தடவாமல் விட்டால் விடிவதற்குள் கள்ளாகிவிடும். இங்கே சுண்ணாம்பு தேவையில்லை, பனி அந்த வேலையைச் செய்கிறது. வாளியைச் சுற்றி பனியைக் குவித்துவிட்டால் சாறு சில நாள் தாங்கும், கலங்கிப்போனால் ஊற்றிவிடுங்கள். மரம் ஏறவும் தேவையில்லை, இடுப்பு உயரத்தில் நின்று துளை போடலாம். ஆனால் கருப்பணியில் (கள்ளாகாத பனஞ்சாற்றில்) இனிப்பு மேப்பிளைவிட ஐந்தாறு மடங்கு, அம்மம்மா ஒரு பாத்திரத்தோடு பனங்கட்டி காய்ச்சிக் குட்டானில் ஊற்றிவிட்டு மற்ற வேலையைப் பார்க்கப் போய்விடுவா.

குறிப்பில் இது "பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த இனிப்பு" என்று ஒரு வசனம் இருந்தது. அதையும் தயவுசெய்து திருத்துங்கள். பிரெஞ்சுக்காரர் வருவதற்கு முன்பே இந்த நிலத்து மக்கள் மேப்பிள் சாறு எடுத்துக் காய்ச்சினார்கள், வந்தவர்கள் அவர்களிடம்தான் பழகினார்கள். ஒன்ராறியோவின் பூர்வகுடிகளான ஆனிஷினாபே மக்கள் மேப்பிள் சீனியை ஸீன்ஸிபாக்வட் என்பார்கள். பேர்ச் மரப்பட்டையில் செய்த கலத்தில் சாறு பிடித்து, இரவில் மேலே கட்டியாகிற ஐஸை எடுத்து வீசிவிடுவார்கள். ஐஸ் பெரும்பாலும் வெறும் தண்ணி, இனிப்பு அடியில் நிற்கும். அப்புறம் அவர்கள் பெரும்பாலும் பாணியோடு நிற்பதில்லை, சீனியாகும்வரை போவார்கள், மூடி போட்ட போத்தல் இல்லாத காலத்தில் பாணி புளித்துவிடும், சீனி வருஷம் முழுக்க இருக்கும். பனங்கட்டி தின்று வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஐஸ் எடுக்கிற உத்தியை நானும் செய்கிறேன், காஸ் நன்றாக மிச்சம்.

கடைசிக் கட்டம்தான் எங்களை ஏமாற்றியது. மனைவி பாகு காய்ச்சுவதில் கெட்டிக்காரி, பயத்தம் பணியாரத்துக்கு அவ பார்க்கிற பதம் தப்பாது. அதே கையால் விரலிடுக்கில் எடுத்து இழுத்துப் பார்த்து, கம்பிப் பதம் வந்ததும் இறக்கினா. நல்ல கெட்டியாக இருந்தது, நானும் பெருமையாக நண்பர்களுக்குக் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் போத்தல்களின் அடியில் கற்கண்டு. பாணிக்குக் கம்பிப் பதம் கூடிப்போன பதம். சூடாக இருக்கும்போது அது தண்ணிமாதிரித்தான் ஓடும், "இன்னும் ஆகவில்லை" என்றுதான் கண் சொல்லும். சரியான முறை, அன்றைக்கு வெறும் தண்ணி என்ன சூட்டில் கொதிக்கிறது என்று தேர்மோமீற்றரில் பார்த்துக்கொண்டு, அதற்கு மேலே 4 பாகை வந்ததும் இறக்குவது. கடல்மட்டத்தில் அது 104. காற்றழுத்தம் நாளுக்கு நாள் மாறுவதால் 104 என்று மனப்பாடம் பண்ணுவதில் அர்த்தமில்லை. 4 பாகைக்கு முன்னாலேயே இறக்கினால் பூஞ்சணம் பிடிக்கும். இந்தக் கடைசி இரண்டு லீற்றரைக் குசினிக்குள் கொண்டுவரலாம், அதற்கு நானும் மனைவியும் உடன்பட்டிருக்கிறோம். பக்கத்தை விட்டு நகரக்கூடாது. பொங்கி எழும்பினால் நுனிக் கரண்டி பட்டர் போட்டால் அடங்கிவிடும், ஊரில் பனங்கட்டி பொங்கினால் அம்மம்மா பொடித்த ஆமணக்கு விதை போடுவா.

இறக்கியதும் அடியில் மண்மாதிரி நறநறவென்று ஒன்று கிடக்கும். சாற்றிலிருந்த தாதுப்பொருள்தான், கெடுதல் ஒன்றுமில்லை, ஆனால் பல்லில் படும். நான் முதலில் பழைய வேட்டித் துண்டை நாலாக மடித்து வடித்தேன், மண் அப்படியே அதற்குள்ளால் இறங்கி வந்தது. கம்பளியில் தைத்த தடிப்பான வடி விற்கிறார்கள், அதை வாங்குங்கள், பாணி ஆறுவதற்கு முன்னே வடியுங்கள், 85 பாகைக்குக் குறையாத சூட்டில் போத்தலில் ஊற்றி மூடுங்கள்.

இலவசம் என்ற சொல்லுக்கு வருகிறேன். போன பங்குனியில் எங்கள் பின்வளவில் நிற்கிற ஒற்றைச் சீனி மேப்பிளில் இரண்டு துளையில் 62 லீற்றர் வடிந்தது. கிடைத்த பாணி ஒரு லீற்றரும் கொஞ்சமும். எரிந்த காஸ் இரண்டு சிலிண்டருக்குக் கிட்ட. அந்தக் காசுக்கு 540 மில்லிலீற்றர் தகர டின்னில் வருகிற கியூபெக் பாணியை இதைப்போல இரண்டு மடங்கு வாங்கியிருக்கலாம், அதுவும் நல்ல பாணிதான், உலகத்துப் பாணியில் பெரும்பங்கு கியூபெக்கிலிருந்துதான் வருகிறது, நான் அதைக் குறை சொல்லவில்லை. சிக்கனத்துக்காக இதைச் செய்யாதீர்கள். நான் இதைத் தொடர்ந்து செய்வது, கனடாவில் பிறந்த பேத்தி பங்குனி மாதம் பள்ளிக்கூடத்தால் வந்ததும் சப்பாத்தோடு நேரே பின்வளவுக்கு ஓடி வாளி மூடியைத் தூக்கி விரலை விட்டு நக்கிப் பார்க்கிறாள் என்பதற்காக. அவளுக்கு முன்னால் அந்த வாளிக்கு வருகிறது ஒரு கறுத்த அணில், அதோடு இருக்கிற வழக்கு வேறு.

உங்கள் குறிப்பை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறவர்கள் இருப்பார்கள். அடுத்த இதழில் அந்த ஒரு மணித்தியாலம், அந்த வாசல் மரம், அந்தக் குசினி அடுப்பு, பிரெஞ்சுக்காரர் என்ற நாலையும் திருத்திப் போட்டால் உதவி. இங்கே நேற்று இரவு மைனஸ் 6, இன்று மத்தியானம் கூரைப் பனி சொட்டத் தொடங்கிவிட்டது, நான் ட்றிலைச் சார்ஜில் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்காபரோ வாசகர் ஒருவர்