சுடுவதற்கு மூன்று நிமிடம், பறப்பதற்கு முக்கால் மணி

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாசகர் பக்கத்தில் ஒரு தகப்பனார், கம்ப்யூட்டரில் போர் விளையாடும் பிள்ளைகள் கொலையை விளையாட்டாகப் பழகிக்கொள்கிறார்கள் என்று எழுதியிருந்தார். அவர் கவலை நியாயம்தான். ஆனால் போர் விமான விளையாட்டையும் அதே மூட்டையில் போட்டுக் கட்டிவிட்டார். எனக்கு வயது 63. அரசுப் பள்ளியில் 31 வருடம் புவியியல் நடத்தியவள். அந்த மூட்டைக்குள் நானும் இருக்கிறேன் என்பதால் இந்தக் கடிதம்.

பையன் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது பழைய கம்ப்யூட்டரையும் ஒரு ஜாய்ஸ்டிக்கையும் விட்டுவிட்டுப் போனான். அதில் 'ஐஎல்-2 ஸ்டர்மோவிக் 1946' இருந்தது. ரஷ்யாவில் ஒலெக் மடாக்ஸ் குழுவினர் 2001-இல் கொண்டுவந்த இரண்டாம் உலகப் போர் விமான விளையாட்டின் பெரிய தொகுப்பு, 2006-இல் வந்தது. இன்றைய கணக்கில் கிழடு. எனக்கும் கம்ப்யூட்டருக்கும் அதுதான் ஒத்துவருகிறது.

முதல் வாரம் முழுக்க ஒரு விமானத்தையும் தரையிலிருந்து கிளப்ப முடியவில்லை. ஹரிகேன் என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தில் விசையைக் கூட்டினால் மூக்கு இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் புல்லில் குத்தும். ஜாய்ஸ்டிக்கை வலப்பக்கம் திருகிப் பிடிக்கக் கை பழக வேண்டும். மேலே போனால் வேறு தொல்லை. எதிரியைத் துரத்தி மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினால் இன்ஜின் இருமும். கார்புரேட்டரில் இருக்கும் பெட்ரோல் மேலே எழும்பிவிடுகிறது, அவ்வளவுதான். அதனால் முதலில் விமானத்தைப் புரட்டிவிட்டு, பிறகு இழுத்து இறங்க வேண்டும். எதிரி விமானத்தின் மேல் பெயர் எழுதிக் காட்டும் வசதியை நான் அணைத்துவிடுவேன். அப்புறம் வானத்தில் தெரிவதெல்லாம் கண்ணாடியில் ஒட்டிய தூசி மாதிரி ஒரு புள்ளி. முக்கால் மணி நேரம் பறந்தால் சண்டை மூன்று நிமிடம். மீதி நேரமெல்லாம் பெட்ரோல் முள்ளையும் திசைகாட்டியையும் பார்த்துக்கொண்டு வீடு திரும்புவதுதான். உட்கார்ந்த உடனே சுட்டுத் தள்ளும் விளையாட்டு அல்ல இது.

நான் இப்போது விளையாடுவதைவிட கேம்பெய்ன் அமைப்பதுதான் அதிகம். பத்துப் பன்னிரண்டு மிஷன்களை, அதாவது தனித்தனிப் பறப்புகளை, ஒரே கதையாகக் கோப்பது. ஒவ்வொரு விமானமும் எந்த இடத்தில் எந்த உயரத்தில் எந்த வேகத்தில் போக வேண்டும் என்று வரைபடத்தில் புள்ளி புள்ளியாகக் குறிக்க வேண்டும். புவியியல் டீச்சருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

எடுத்துக்கொண்ட விஷயம் 1942 ஏப்ரல். காரணம் என் மாமியார். அப்போது அவருக்கு ஒன்பது வயது, வீடு மயிலாப்பூரில். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பித்தளைப் பாத்திரங்களைக் கொல்லையில் புதைத்துவிட்டு, சென்ட்ரலில் ரயிலேறி சேலம் ஜங்ஷனில் இறங்கிய குடும்பம். கிணற்றுக் கயிற்றைக்கூட எடுத்துவந்தார்களாம், ஊஞ்சல் பலகையை விட்டுவிட்டார்களாம். இதை அவர் நூறு தடவை சொல்லியிருப்பார். அந்த ஜப்பான்காரன் எங்கே இருந்தான், என்ன செய்தான் என்று தேடிப் பார்த்தது நான் ஓய்வுபெற்ற பிறகுதான்.

ஐந்து விமானம் தாங்கிக் கப்பல்களோடு ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் கடற்படை இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஏப்ரல் 4 மாலை லெனார்ட் பர்ச்சால் என்ற கனடா விமானி கட்டலினா கடல் விமானத்திலிருந்து அதைப் பார்த்துச் செய்தி அனுப்பினார். சுட்டு வீழ்த்தப்பட்டுக் கைதியானார். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. வருகிறார்கள் என்று தெரிந்திருந்தும், கொழும்புக்குப் பக்கத்தில் இரத்மலானை விமானத் தளத்தில் ஹரிகேன்கள் தரையில் நிற்கும்போதே தலைக்கு மேல் வந்துவிட்டார்கள். ஆனால் கொழும்பு குதிரைப் பந்தய மைதானத்தில் ஓர் ஓடுபாதை போட்டிருந்தது ஜப்பானியருக்குத் தெரியாது. அங்கிருந்த ஹரிகேன்கள் தடையின்றிக் கிளம்பின. அதற்கு அடுத்த நாள், 6-ஆம் தேதி, விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. என் மாமியார் வீட்டார் பயந்தது வீண் பயமல்ல.

என் மூன்றாவது மிஷன் இரத்மலானையில், இன்ஜின் அணைந்த நிலையில் தொடங்கும். ஸ்டார்ட் செய்து ஓடுபாதைக்கு வருவதற்குள் மேலே ஜப்பானியரின் ஜீரோ போர் விமானங்கள். அன்று வந்தது நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள். என் கம்ப்யூட்டர் முப்பதைத் தாண்டினால் திணறும். அதனால் வானத்தின் ஒரு மூலையை மட்டும் காட்டுகிறேன். கப்பலைத் தாக்கும் டார்ப்பிடோ சுமந்துவந்த ஆறு பிரிட்டிஷ் ஸ்வார்ட்ஃபிஷ் விமானங்கள் அன்று அதே வானத்தில் மாட்டி, ஆறும் விழுந்தன. அவை திரையில் வராது. அடுத்த மிஷனின் குறிப்பில் ஒரே ஒரு வரி வரும்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவன்தான் சோதித்துப் பார்ப்பவன். ராத்திரி பட்டறையைச் சாத்திவிட்டு உட்காருவான். "டீச்சர், இதுல ஜெயிக்கவே முடியாதுங்களே" என்றான். அவன் ஜீரோவோடு வட்டம் போட்டுத் திரும்பப் பார்த்திருக்கிறான். அன்றைக்கு நிஜ விமானிகளும் அதைத்தான் செய்து அடிவாங்கினார்கள். ஹரிகேன் என்றால் உயரத்திலிருந்து ஒரு பாய்ச்சல், அப்படியே கீழே ஓட்டம். திரும்பிப் பார்க்கவே கூடாது. எத்தனை வீழ்த்தினாய் என்று நான் கணக்கு வைப்பதில்லை. விமானத்தை முழுசாகத் தரையிறக்கினால் அந்த மிஷன் பாஸ்.

மிஷனில் மேகம் போடுவதற்கு எனக்குச் சேர்வராயன் மலை துணை. உச்சி 1,600 மீட்டருக்குச் சற்று மேல். காலையில் அஸ்தம்பட்டி மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது மேகம் மலையை எதுவரை மூடியிருக்கிறது என்று பார்த்தால், மேகத்தின் அடிமட்டம் கண்ணாலேயே பிடிபட்டுவிடும். ஏற்காடு லேடீஸ் சீட்டில் நின்று கீழே பாருங்கள். சேலத்துக்கு மேல் ஏறத்தாழ 3,500 அடி. அடிவாரத்தில் போகும் பஸ் கடுகு மாதிரி தெரியும். அந்த உயரத்திலிருந்து ஒருவன் கப்பலைக் குறிபார்க்கிறான் என்று நினைத்துப் பார்த்தால்தான் அது எவ்வளவு கஷ்டம் என்று புரியும். ஒரு குறை: என்னிடம் இருக்கும் பதிப்பில் கம்ப்யூட்டர் ஓட்டும் விமானிகளுக்கு மேகம் ஒரு மறைப்பே இல்லை, ஊடுருவிப் பார்த்துவிடுகிறார்கள். அதற்காகவே இரண்டு மிஷன்களைத் திருப்பி எழுதினேன்.

இதெல்லாம் அகிம்சை என்று சொல்ல வரவில்லை. திரையில் எரிந்து விழுவதும் ஒருவன் ஓட்டிய விமானம்தான். பாராசூட் விரிகிறதா என்று நான் ஒவ்வொரு தடவையும் பார்ப்பேன். விரியாவிட்டால் அன்றைக்கு அதோடு மூடிவைத்துவிடுவேன். அந்தத் தகப்பனாரிடம் சொல்ல நினைப்பது ஒன்றுதான்: பிள்ளை என்ன விளையாடுகிறான் என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பாருங்கள். மேப்பை விரித்துவைத்துக்கொண்டு விளையாடுகிறான் என்றால் கொஞ்சம் பொறுங்கள்.

கடைசி மிஷன் ஏப்ரல் 9, மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானம் தாங்கிக் கப்பல் மூழ்கிய நாள். இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு மிஷனின் குறிப்பிலும் அந்த நாளில் நம் ஊர் வீடுகளில் என்ன நடந்தது என்று ஒரு பத்தி சேர்க்கிறேன். என்னிடம் இருப்பது என் மாமியாரின் கதை மட்டும். அவரும் போய்ச் சேர்ந்து நாலு வருடமாகிறது. 1942-இல் சென்னையிலிருந்து சேலத்துக்கோ ஏற்காட்டுக்கோ வந்த குடும்பத்தினர் யாராவது இருந்தால், என்ன எடுத்துவந்தார்கள், எதை விட்டுவந்தார்கள், எந்தத் தெருவில் தங்கினார்கள் என்று இந்தப் பகுதிக்கு எழுத வேண்டுகிறேன். எழுதுபவர் கொள்ளுப்பேரனாக இருந்தாலும் சரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்-7.