காற்றாலைக்கு அனுமதி கொடுக்கும்போது ஆட்டத்தையும் கேளுங்கள்

இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவினருக்கு, சுன்னாகத்திலிருந்து வணக்கம்.

2025 பெப்ரவரி 9 அன்று தீவு முழுவதும் கரண்ட் போனபோது பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பட்டதால்தான் என்ற கதையைச் சொல்லிச் சிரித்தோம். குரங்கு சத்தம் போட்டுவிட்டு வரும். நான் எழுதுவது சத்தமில்லாமல் வளரும் கோளாறு பற்றி: மின்வலு அலைவு.

கிணற்றில் நீர் இறைக்கத் துலாவில் ஏறி மிதித்தவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். மிதிப்பவரின் கால் ஓர் அடி பிந்தினால் துலா ஆடும். பதறி எட்டி வைத்தால் இன்னும் ஆடும். நீண்ட உயரழுத்தக் கம்பியின் இரு முனையிலும் உள்ள மின்பிறப்பாக்கிகளும் இப்படித்தான். ஒரு பக்கம் சற்று முந்த, மறுபக்கம் பிந்த, மின்வலு கம்பியில் போவதும் வருவதுமாக ஊசலாடும். தானே அடங்கினால் சரி. 1996 ஆகஸ்ட் 10 அன்று அமெரிக்காவின் மேற்கில் அடங்கவில்லை. மரத்தில் உரசிய கம்பிகள் ஒவ்வொன்றாக விலக, மிஞ்சிய மின்கட்டமைப்பு ஏறத்தாழ நான்கு செக்கனுக்கு ஒருமுறை ஆடி, ஆட்டம் பெருத்து, துண்டு துண்டாகப் பிரிந்தது. சுமார் 75 இலட்சம் பாவனையாளர்கள் மின்சாரம் இழந்தார்கள்.

இதில் ஒரு முரண் உண்டு. மின்னழுத்தத்தைச் சட்டென்று சரிசெய்யும் வேகமான சீராக்கிகளே சில வேளை ஆட்டத்தை வளர்க்கின்றன. அதனால்தான் பெரிய மின்பிறப்பாக்கிகளில் நிலைப்படுத்தி ஒன்றைச் சேர்க்கிறார்கள். அது சுழலியின் வேகமாற்றத்தைப் பார்த்து, காந்தமூட்டும் மின்னோட்டத்தை ஏற்ற நேரத்தில் கூட்டிக் குறைக்கும். நேரம் பிசகினால், துலாவில் பதறியவன் கதைதான். ஆகவே கருவியை வாங்கிப் பூட்டினால் போதாது. கட்டமைப்பு மாறும்போதெல்லாம் அதை மறுபடி சுருதி சேர்க்க வேண்டும்.

வடக்கில் கட்டமைப்பு மாறிக்கொண்டேதான் இருக்கிறது. மன்னாரில் காற்றாலைகள் சுழல்கின்றன, பூநகரியில் திட்டம் பேசப்படுகிறது, கூரைகளெங்கும் சூரியத் தகடுகள். இவை இன்வேர்ட்டர் என்னும் மின்னணு மாற்றி வழியே இணைபவை; வேகம் சட்டென்று மாறாமல் தடுக்கும் பாரமான சுழலிகளின் நிலைமம் இவற்றில் தானாக வராது. ஆனால் ஆட்டத்துக்கு எதிராக மின்வலுவைக் கூட்டிக் குறைக்க இவற்றைப் பழக்கலாம், பற்றரிகளையும்தான். அனுமதிப் பத்திரத்தில் எத்தனை மெகாவாற் என்று கேட்கிறீர்கள். எத்தனை செக்கனில் ஆட்டத்தை அடக்கும் என்றும் கேளுங்கள். பதிலைக் கடதாசியில் வாங்காமல், களத்தில் சோதித்துப் பாருங்கள்.

அளப்பதற்குப் பெரிய செலவில்லை. ஆட்டம் மீடிறனில், அதாவது மின்னோட்டம் செக்கனுக்கு எத்தனை சுற்று அலைகிறது என்பதில், தெரியும்; அதை வீட்டுப் பிளக் பொயின்ற்றிலிருந்தே அளக்கும் கருவிகள் உள்ளன. கிளிநொச்சியில் பொறியியல் பீடம் இருக்கிறது. ஒன்றை அங்கே மாணவர் கையில் கொடுங்கள், பதிவுகளை எல்லோரும் பார்க்க வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
சுன்னாகத்து மின்பாவனையாளர் ஒருவர்