அன்னதான மண்டபக் கூரை வெப்பத்தடுப்புத் திருப்பணி: நிறைவு அறிக்கை

அன்பார்ந்த அங்கத்தவர்களுக்கு வணக்கம்.

வெள்ளவத்தையில் உள்ள நமது அன்னதான மண்டபத்தின் கூரை வேலை முடிந்துவிட்டது. "அந்தக் காசுக்கு ஏசி பூட்டியிருக்கலாமே" என்று பொதுக்கூட்டத்தில் கேட்டவர்களுக்கு முதலில் பதில் சொல்கிறோம். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் கூடியது. 2023 பெப்ரவரியில் திரும்பவும் 66 வீதம். பிறகு குறைத்தார்கள்தான், ஆனால் அந்த மாதங்களின் பில்லைக் கட்டிய எங்களுக்குப் பயம் இன்னும் போகவில்லை. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் கொழும்பில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். இங்கே சுவரைவிடக் கூரைதான் வெயிலைக் குடிக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டு ஏசி பூட்டுவது ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுவது போலத்தான்.

அடுத்தது ஒப்பந்தகாரர் விஷயம். பல கதைகள் உலாவுவதால் விரிவாகவே எழுதுகிறோம். 50 மில்லிமீற்றர் கிளாஸ் வூல் (கண்ணாடிப் பஞ்சு), அதற்கு மேல் காற்று இடைவெளி, அப்புறம் மினுங்கும் பக்கம் கீழே பார்க்க அலுமினியப் பொயில்: பேசியது இதுதான். அவரோ இடைவெளி விடுவதற்கான சலாகைச் செலவை மிச்சம்பிடிக்க, கிளாஸ் வூலைப் பாதித் தடிப்புக்கு அமுக்கி, பொயிலோடு சேர்த்து அஸ்பெஸ்டஸ் சீற்றோடு ஒட்ட இறுக்கிவிட்டார். வெப்பத்தைத் தடுப்பது பஞ்சுக்குள் நிற்கும் காற்று. அமுக்கினால் அந்தக் காற்று போய்விடும். பொயிலும் ஒரு பக்கமாவது வெறும் காற்றைப் பார்த்திருந்தால்தான் வேலை செய்யும். "எல்லாம் ஒன்றுதான் ஐயா" என்றார். நாங்கள் விடவில்லை. கொடுப்பனவை நிறுத்தினோம், கோபித்துக்கொண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார், கடைசியில் வந்து முழுவதையும் கழற்றித் திரும்பப் போட்டார். அதற்கு ஒரு சதமும் மேலதிகமாகக் கொடுக்கவில்லை.

மதிப்பீட்டைத் தாண்டிய செலவு வேறு இரண்டு காரணங்களால் வந்தது. அஸ்பெஸ்டஸில் துளை போட்டால் வரும் தூசு நுரையீரலுக்குக் கேடு. அன்னதானம் நடக்கும் இடத்தில் அதை அனுமதிக்க முடியாது என்று, சீற்றைத் தொடாமல் கீழேயிருந்து தனிச் சட்டம் அடித்தோம். கடற்காற்றுக்கு சாதாரண ஆணி துருப்பிடிக்கும் என்பதால் எவர்சில்வர் ஆணி வாங்கினோம். இரண்டையும் இன்றைக்குக் கேட்டாலும் இப்படித்தான் செய்வோம்.

சுவர்ப் பூச்சும் மின்விசிறி மாற்றமும் முடிந்தன.

காலி வீதிப் புடவைக்கடைக்காரர்கள், செட்டியார் தெரு நகைக்கடை உபயகாரர்கள், பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை அடியார்கள், ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் அனுப்பிய பழைய அங்கத்தவர்கள், வேலைக்காரர்களுக்குத் தினமும் சமைத்துக் கொடுத்த மாதர் சங்கத்தினர் அனைவருக்கும் நன்றி. முழுப் பெயர்ப் பட்டியல் மண்டப வாசலில் ஒட்டப்பட்டுள்ளது.

ஒப்பந்தகாரருக்குக் கொடுக்காமல் நிறுத்திவைத்திருக்கும் பிடிப்புப் பணத்தை, இந்தத் தென்மேற்குப் பருவமழையில் ஒழுக்கு இல்லை என்று கண்ட பிறகே விடுவிப்போம். பஞ்சு நனைந்தால் பயனில்லை. அதுவரை வயர் வேலைக்கென்று யாரையும் சீலிங்குக்கு மேலே ஏற்ற வேண்டாம்.

திருப்பணிக் குழு