ஹோபார்ட் போகும் இந்தியக் குழுவுக்கு: கிரில் கணக்கில் சீல்களையும் சேருங்கள்

மதிப்புக்குரிய பிரதிநிதிகளுக்கு,

வணக்கம். ஒவ்வோர் அக்டோபரிலும் டாஸ்மேனியாவின் ஹோபார்ட் நகரில் அண்டார்க்டிக் கடல்வாழ் உயிர்வளப் பாதுகாப்பு ஆணையம் கூடுகிறது. 26 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் உட்கார்ந்து பேசும் அந்த மேசையில் எண்பதுகளின் நடுவிலிருந்தே இந்தியாவுக்கும் ஓர் இருக்கை உண்டு. அங்கே எல்லா முடிவும் ஒருமனதாகத்தான். ஒரே ஒரு நாடு மறுத்தாலும் காரியம் நின்றுவிடும். இறால் போன்ற சிறு கடலுயிரியான கிரிலைப் பிடிக்கும் பெரிய நாடுகள் பட்டியலில் நாம் இல்லை. 1995–96இல் ஒரு கப்பலை அனுப்பிப் பிடித்துப் பார்த்ததோடு சரி. லாபக் கணக்கு இல்லாதவர்கள் பேசினால் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்பார்கள் என்ற நம்பிக்கையில் உங்களுக்கு எழுதுகிறேன்.

தென் அட்லாண்டிக்கை ஒட்டிய 48ஆம் பகுதியில் ஆண்டுக்கு 6,20,000 டன் கிரில் பிடிக்கலாம் என்று ஆணையம் வரம்பு வைத்திருக்கிறது. 2009இல் இதோடு இன்னொரு விதி வந்தது. மொத்தத்தையும் ஒரே இடத்தில் அள்ளிவிடக் கூடாது என்று நான்கு துணைப்பகுதிகளுக்கும் பங்கு பிரித்துவைத்தார்கள். அண்டார்க்டிக் தீபகற்பத்தை ஒட்டிய 48.1க்கு 25 சதவீதம், அதாவது 1,55,000 டன். 2024 கூட்டத்தில் உறுப்பினர்கள் ஒத்துப்போகாததால் அந்தப் பங்கீட்டு விதி காலாவதியானது. அடுத்த பருவத்திலேயே விளைவு தெரிந்துவிட்டது. கப்பல்கள் தீபகற்பத்தின் பக்கம் குவிந்தன, அந்த ஒரு துணைப்பகுதியில் பழைய பங்கைவிட மிக அதிகமாகப் பிடித்தன. 2025 ஆகஸ்ட் தொடக்கத்திலேயே மொத்த வரம்பும் தீர்ந்து, முதன்முறையாக 48ஆம் பகுதி முழுவதிலும் கிரில் பிடிப்பை முன்கூட்டி மூட வேண்டியதாயிற்று.

இதற்கு எப்போதும் ஒரு பதில் தயாராக இருக்கும்: “மொத்தத்தில் ஒரு சதவீதம்தானே?” 2019 கணக்கெடுப்பின்படி அந்தப் பகுதியில் சுமார் 6.26 கோடி டன் கிரில் இருக்கிறது. அதை வைத்துப் பார்த்தால் ஒரு சதவீதம் என்பது சரிதான். ஆனால் அந்தச் சதவீதத்தை எங்கே, எந்த மாதத்தில், எந்த ஆழத்தில் எடுக்கிறோம் என்பதை அது சொல்வதில்லை. மாவட்டத்தின் சராசரி நிலத்தடி நீர்மட்டம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி ஒரே ஊரில் நூறு ஆழ்துளைக் கிணறு போட அனுமதிக்கிற கதைதான் இது. அந்த ஊரில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா?

அங்கே கடல் பாலூட்டிகளான சீல்கள் குடியிருக்கின்றன, அதுவும் பல வகை. எல்லாம் ஒரே கடலில் ஒரே தீனிக்கு அடித்துக்கொள்வதில்லை. இடம், ஆழம், நேரம், இரை என்று பலவிதமாகப் பிரித்துக்கொண்டு பிழைக்கின்றன.

வெடல் சீல் கரையோடு ஒட்டி உறைந்து நிற்கும் பனியில் வாழ்கிறது. பனியில் மூச்சுவிடும் துளை மூடிப்போகாமல் பல்லால் சுரண்டிச் சுரண்டித் திறந்து வைத்துக்கொள்ளும். பல் தேய்ந்துபோனால் அதன் காலமும் முடிந்தது. அந்தத் துளை வழியாக நூற்றுக்கணக்கான மீட்டர் இறங்கி, சில நேரம் ஒரு மணி நேரத்துக்கும் மேலே மூச்சடக்கி, வெள்ளிமீனையும் பெரிய பல்மீனையும் பிடிக்கிறது. இந்தப் பல் வேலை மற்ற சீல்களுக்குக் கைவராததால் அந்த இடத்துக்குப் போட்டி குறைவு. ராஸ் சீல் அடர்ந்த மிதபனியில் குட்டி போட்டு, ரோமம் உதிர்ந்த பின் பனியைத் தாண்டித் திறந்த கடலுக்குப் போய் கணவாயையும் மீனையும் தேடுகிறது. யானை சீல் இவை எல்லாவற்றையும்விட ஆழம் போகும். 1,000 மீட்டரைத் தாண்டுவது அதற்குப் பெரிய விஷயமில்லை. இந்த மூன்றும் பெரும்பாலும் கிரில் பக்கமே வருவதில்லை.

சிக்கல் மற்ற மூன்றில் இருக்கிறது. நண்டுண்ணி சீலுக்குப் பெயரில்தான் நண்டு. அதன் உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் கிரில். கடைவாய்ப் பற்கள் கிளைகிளையாகப் பிரிந்து, மேல்வரிசையும் கீழ்வரிசையும் சேரும்போது வடிகட்டி ஆகிவிடுகின்றன. வாய் நிறையத் தண்ணீரை உறிஞ்சி வெளியே தள்ளினால் கிரில் மட்டும் உள்ளே தங்கும். பகலில் கிரில் ஆழத்துக்கு இறங்கிவிடும், இரவில் மேலே ஏறும். அதனால் கோடையில் இந்த சீல் பகலில் பனிப்பாளத்தில் படுத்துக் கிடந்துவிட்டு இரவில் மேல்மட்டத்திலேயே மேய்கிறது. குளிர்காலத்தில் கிரில் கீழே இறங்க, இதுவும் கூடவே ஆழம் போகிறது. உலகத்திலேயே எண்ணிக்கையில் மிகுந்த சீல் இதுதான். எத்தனை என்று கேட்டால் சில பத்து லட்சங்களில் தொடங்கிக் கோடிகள் வரை மதிப்பீடுகள் ஓடுகின்றன. அதை அப்புறம் பார்ப்போம்.

சிறுத்தை சீலை எல்லாரும் பென்குயின் கொல்லியாகத்தான் படத்தில் பார்த்திருப்போம். பென்குயின் குஞ்சுகள் கடலில் இறங்கும் பருவத்தில் அது உண்மையும்கூட. மற்ற மாதங்களில் அது கணிசமாகக் கிரில் தின்கிறது. அதன் கடைவாய்ப் பற்களும் வடிகட்டப் பழகியவை. கூடவே நண்டுண்ணி சீலின் குட்டிகளையும் வேட்டையாடும். வளர்ந்த நண்டுண்ணி சீல்களில் பெரும்பாலானவற்றின் உடம்பில் இணைகோடுகளாகத் தழும்பு இருப்பது இதனால்தான். ஆக, சிறுத்தை சீல் நண்டுண்ணிக்குப் பங்காளியும் எமனும். பங்கீடு என்றால் சமாதானம் என்று நினைத்துவிடக் கூடாது.

மூன்றாவது ஃபர் சீல். பனியை நம்பாமல் கடற்கரையில், முக்கியமாக தெற்கு ஜார்ஜியா தீவில், குட்டி போடுகிறது. தாய் சில நாள் கடலுக்குப் போய் கிரில் தின்றுவிட்டு வந்து பால் கொடுக்கும், மறுபடி போகும். நான்கு மாதம் இப்படித்தான். குட்டி கரையில் காத்திருப்பதால் தாயால் வெகுதூரம் போக முடியாது. நண்டுண்ணி பனியோடு நகர்ந்துகொண்டே மேயும், ஃபர் சீல் ஒரு தீவைச் சுற்றியே மேயும். ஒரே இரையை வைத்துக்கொண்டு இரண்டும் மோதாமல் இருப்பது இந்த வித்தியாசத்தால்தான். கிரில் ஏராளமாக இருக்கும்வரை ஆங்காங்கே கொஞ்சம் மோதினாலும் பாதகமில்லை. குறையும்போதுதான் அது போட்டியாகிறது.

இப்போது கப்பல்களைப் பாருங்கள். தீபகற்பத்தில் பனி உறைவது தாமதமாகத் தாமதமாக, பிரான்ஸ்ஃபீல்டு நீரிணையில் இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் கிரில் பிடிக்க வசதியாகிவிட்டது. அந்த மாதங்களில் கிரில் கண்டத்திட்டை ஒட்டித் திரள்கிறது. நண்டுண்ணி சீல்களும் அங்கேதான் வந்து மேய்கின்றன. இனப்பெருக்கம் முடித்த ஃபர் சீல் ஆண்களும் தெற்கே இறங்கி வருகின்றன. பென்குயின் கூடுகளைச் சுற்றி மீன்பிடிப்பதில்லை என்று 2018 முதல் நிறுவனங்கள் தாமாகவே ஒரு கோடு போட்டுக்கொண்டிருக்கின்றன. நல்லதுதான். ஆனால் அந்தக் கோட்டின் அடிப்படை பென்குயின்கள் கூடு கட்டும் இடமும் பருவமும்தான். அங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் ஆழத்தில் மேயும் நண்டுண்ணிக்கு அது என்ன காபந்து?

கடற்பனி வேறு கைவிடுகிறது. 2023 செப்டம்பரில் அண்டார்க்டிக் கடற்பனியின் குளிர்கால உச்சம் 1.7 கோடி சதுர கிலோமீட்டரைக்கூடத் தொடவில்லை. 1979இல் தொடங்கிய செயற்கைக்கோள் பதிவில் அதுவே மிகக் குறைவு. தீபகற்பத்தை அடுத்த லிவிங்ஸ்டன் தீவின் ஷிரெஃப் முனையில் ஃபர் சீல் குட்டிகள் சரசரவென்று குறைந்துபோனதில் சிறுத்தை சீல்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்று அங்கே பல ஆண்டுகளாகக் கணக்கெடுப்பவர்கள் காட்டியிருக்கிறார்கள். இப்படி ஒரு கூட்டம் நொடிந்துகொண்டிருக்கும் கடலில், தீனியையும் அதே இடத்தில் நாம் குவித்து அள்ளுகிறோம்.

உங்கள் ஆணையத்தின் ஒப்பந்தம் 1980இல் கையெழுத்தானது. அதன் இரண்டாவது விதியே, பிடிக்கப்படும் உயிர்களுக்கும் அவற்றைச் சார்ந்த உயிர்களுக்கும் இடையிலான சூழல் உறவைக் காக்க வேண்டும் என்கிறது. மீன்பிடி ஒப்பந்தங்களில் இப்படி ஒரு வரி அப்போது அபூர்வம். ஆனால் கண்காணிப்புத் திட்டத்தில் சீல்களில் யாரை அளக்கிறோம்? ஃபர் சீலை. தாய் எத்தனை நாள் கடலில் இருக்கிறாள், குட்டி எவ்வளவு எடை கூடியது என்று. கரையில் கிடப்பதை அளப்பது எளிது என்பதைத் தவிர வேறு நியாயம் எனக்குத் தெரியவில்லை. சீல்களிலேயே அதிகமாகக் கிரில் தின்னும் நண்டுண்ணியின் எண்ணிக்கையையே நாம் லட்சத்துக்கும் கோடிக்கும் நடுவில் விட்டிருக்கிறோம். தின்பவர் எத்தனை பேர் என்று தெரியாமல் மிச்சம் எவ்வளவு என்று எப்படிச் சொல்வது?

(இன்னொரு விநோதம். 1972இன் அண்டார்க்டிக் சீல் ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 1,75,000 நண்டுண்ணி சீல்களைக் கொல்லலாம் என்று ஒரு வரம்பு எழுதியிருக்கிறது. யாரும் அந்த அளவுக்கு வேட்டையாடவில்லை. கொல்வதற்கு அன்றே எண் போடத் தெரிந்தது, எண்ணிப் பார்க்கத்தான் இன்னும் கைவரவில்லை.)

நான் கேட்பது இவ்வளவுதான். காலாவதியான பங்கீட்டு விதியை முதலில் திரும்பக் கொண்டுவர இந்தியா வெளிப்படையாகப் பேச வேண்டும். அதோடு நிற்காமல், 48.1க்குள்ளேயே மாதவாரியாகவும் சிறு பகுதிவாரியாகவும் பிரிக்கச் சொல்ல வேண்டும். பழைய விதி இடத்தைத்தான் பிரித்தது, பருவத்தைத் தொடவில்லை. சீல்களின் பங்கீட்டில் பாதி பருவத்தில்தான் இருக்கிறது. தீபகற்பத்துக்கு அர்ஜென்டினாவும் சிலியும் முன்வைத்த பாதுகாப்புப் பகுதித் திட்டத்தையும் ஆதரியுங்கள். 2021இல் கிழக்கு அண்டார்க்டிகாவுக்கும் வெடல் கடலுக்குமான திட்டங்களுக்கு இந்தியா ஆதரவு கொடுத்தது. எனவே இது புது வழி ஒன்றும் இல்லை.

எண்ணும் வேலையை நாமே தொடங்கலாம். அண்டார்க்டிகாவில் நமது மைத்ரி ஆய்வு நிலையம் கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஆனால் 2012 முதல் இயங்கும் பாரதி நிலையம் பிரிட்ஸ் விரிகுடாவின் ஓரத்திலேயே, லார்ஸ்மன் குன்றுகளில் இருக்கிறது. கரைப்பனியில் வெடல் சீல், அதற்கு வெளியே மிதபனியில் நண்டுண்ணி என்று இரண்டும் அந்தப் பக்கம் உண்டு. செயற்கைக்கோள் படத்தை வைத்து சீல் எண்ணும் முறைகள் வந்துவிட்டன, நம்மிடம் செயற்கைக்கோளுக்கும் பஞ்சமில்லை. கோவாவின் துருவ ஆய்வு மையமும் கொச்சியின் கடல் உயிர்வள மையமும் சேர்ந்து ஆண்டுதோறும் ஒரே இடத்தில், ஒரே மாதத்தில் எண்ணி அந்த அட்டவணையை ஹோபார்ட்டில் வைக்கலாம். மற்ற நாடுகளிடமும் அதையே கேட்கும் உரிமை அப்புறம் தானாக வரும்.

கடைசியாக, அடுத்த கூட்டத்துக்குப் புறப்படும் முன்பே, கிரில் பங்கீட்டில் இந்தியாவின் நிலைப்பாடு என்ன என்று ஒரு பக்க அறிக்கையாவது வெளியிடுங்கள். கூட்டம் முடிந்த பிறகு நீண்ட அறிக்கையில் எந்த நாடு என்ன சொன்னது என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய நிலை எங்களுக்கு வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் அறிக்கைகளைப் படிக்கும் ஒரு குடிமகன்