செயலாளரின் ஆண்டறிக்கை, 2024

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராதவர்களுக்கும் வணக்கம்.

ஜனவரியில் நம் மொரிசியஸில் பெலால் புயல் அடித்த பத்தாம் நாள் தைப்பூசக் காவடி. தண்ணீர்ப் பந்தல் போட்டோம். காவடிச் சாப்பாட்டின் ஏழு கறி போதவில்லை என்ற புகாருக்குச் சமையல் குழு பதில் சொல்லும். வருடப்பிறப்பு, தீபாவளி வழக்கம்போல்.

குளிர்கால விடுமுறையில் நான் ஏற்பாடு செய்த படக்காட்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1988-இல் ராபர்ட் ஸெமெக்கிஸ் இயக்கிய 'ஹூ ஃப்ரேம்ட் ரோஜர் ராபிட்', நிஜ நடிகர்களோடு கார்ட்டூன் முயலும் நடிக்கும் படம். செயற்குழுவில் ஒருவர் "முயல் படத்துக்கா மண்டபம்?" என்றார். ஐயா, அந்த முயல் கம்ப்யூட்டரில் பிறந்ததல்ல. நடிகர்களைப் படமெடுத்து, ஒவ்வொரு ஃப்ரேமையும் பெரிதாக அச்சிட்டு, அதன்மேல் தாள் வைத்துக் கையால் வரைந்தார்கள். நிழலும் வெளிச்சமும் தனித்தனி அடுக்கு. ஒரு காட்சியில் தொங்கும் விளக்கில் கதாநாயகன் தலை இடித்து விளக்கு ஆடும். அது ஆட ஆட முயலின் மேல் விழும் நிழலும் மாறும். யார் கேட்டார்கள் அந்த வேலையை? ஆனாலும் செய்தார்கள். பிள்ளைகள் "ஆங்கோர்! ஆங்கோர்!" (இன்னொரு முறை!) என்று கத்தியதால் அந்தக் காட்சியை மூன்று முறை போட்டேன். ஆங்கிலப் படம், அதனால் கிரியோலிலும் தமிழிலும் மாறி மாறி நானே விளக்கினேன். திரை என் எட்டு முழ வேட்டி. புரொஜெக்டர் இரவல்.

கதாநாயகன் பாப் ஹாஸ்கின்ஸ் பல காட்சிகளில் எதிரே யாருமே இல்லாமல் பேசி நடித்தார். மே மாதக் கூட்டத்தில் நானும் அப்படித்தான் பேசினேன். வந்தவர்கள் நான்கு பேர், அதில் ஒருவர் மண்டபச் சாவி வாங்க வந்தவர்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாக, வரவும் செலவும் ஏறக்குறைய சரி. சந்தா பாக்கி மட்டும் சரியில்லை. பாக்கிக்காரர் பெயர்களைப் பலகையில் ஒட்டச் சொன்னார்கள், நான்தான் தடுத்தேன். அடுத்த ஆண்டும் தடுப்பேனா, தெரியாது.

கோயில் நிர்வாகத்துக்கும், நாற்காலி அடுக்கிய இளைஞர்களுக்கும், தேநீர் போட்ட சகோதரிகளுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு, ரஜினி கார்ட்டூன் மிருகங்களோடு ஆடிப்பாடும் 'ராஜா சின்ன ரோஜா' போடலாம் என்று எண்ணம். 1989-இல் வந்த ஏவி.எம். படம், பாட்டிமார்களும் வருவார்கள். வேட்டி இருக்கிறது. புரொஜெக்டரைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். இந்தப் பதவிக்கு வேறு யாராவது வந்தால் சந்தோஷமாக ஒதுங்கிக்கொள்கிறேன். இதுவரை யாரும் கேட்கவில்லை.

ரசீதுப் புத்தகம் கூட்டம் முடியும்வரை வாசல் மேசையில் இருக்கும். பேனாவும் வைத்திருக்கிறேன்.

செயலாளர்
ரோஸ் ஹில், மொரிசியஸ்