அடி வாங்கியவன் என்ன ஆனான்?

அன்புள்ள மகளுக்கு,

போனில் நீ சொன்னதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் பேச்சு வளர்ந்தால் நாம் இரண்டு பேருமே குரலை உயர்த்திவிடுவோம். அதனால்தான் எழுதுகிறேன். "தம்பி 'தி பாய்ஸ்' பார்க்கட்டும்பா, உலகம் அப்படித்தான் இருக்கு, இப்பவே தெரிஞ்சுக்கட்டும்" என்றாய். சூப்பர்ஹீரோக்களையே கொடூரர்களாகக் காட்டும், ரத்தம் தெறிக்கும் தொடர் அது. அவனுக்கு 15 வயது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். 'உலகம் அப்படித்தான்' என்றாயே, எனக்கு இடறுவது அங்கேதான்.

அப்பா பழைய காலத்து ஆள், ரத்தத்தைக் கண்டால் முகம் சுளிப்பார் என்று எண்ணிக்கொள்ளாதே. நீ அனுப்பிய சூப்பர்ஹீரோ தொடர்ப் பட்டியலில் முக்கால்வாசி பார்த்தாயிற்று. சிலதை உன்னைவிட ரசித்தே பார்த்திருப்பேன்.

1966-ல் ஆடம் வெஸ்ட் நடித்த 'பேட்மேன்' தொடரில், குத்து விழும்போது திரை நிறையக் கொட்டை எழுத்தில் 'பவ்!' என்று வரும். யாருக்கும் வலிக்காது, சட்டை கூடக் கசங்காது. காமிக்ஸ் புத்தகங்களுக்கும் அன்று கடிவாளம் இருந்தது. 1954-ல் அமெரிக்கப் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட 'காமிக்ஸ் கோட்' விதிகளின்படி, எல்லாக் கதையிலும் நல்லதுதான் ஜெயிக்க வேண்டும். போலீஸையும் நீதிபதியையும் மரியாதை குறையும்படி காட்டக் கூடாது. பெரிய காமிக்ஸ் கம்பெனிகளில் மார்வெல் இதை 2001-ல் உதறியது, டிசி 2011 வரை ஒப்புக்காவது வைத்திருந்தது. டிவியில் விளம்பரதாரர் முகம் கோணாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. சந்தாவில் ஓடும் நெட்ஃபிளிக்ஸ் வந்த பிறகு அந்தப் பயமும் விட்டுப்போயிற்று.

அப்படித்தான் 2015 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸில் 'டேர்டெவில்' வந்தது. இரண்டாவது எபிசோடில் வரும் அந்த நடைபாதைச் சண்டை உனக்கு நினைவிருக்கும். கடத்தப்பட்ட பையனை மீட்கப் போகிறான் நாயகன் மேட் மர்டாக். ஏற்கெனவே அடிபட்ட உடம்பு. கேமரா ஒரே ஓட்டமாக நடைபாதையில் முன்னும் பின்னும் நகர்கிறது. பாதியில் அவன் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்குகிறான். விழுந்தவன் எழுந்து வருகிறான், இவன் தள்ளாடியபடி மறுபடி குத்துகிறான். அடி வாங்கினால் வலிக்கும், அடித்தாலும் களைக்கும் என்பதை ஒரு வசனம் இல்லாமல் காட்டிவிட்டார்கள். நான் அசந்துபோனேன்.

அதே ஆண்டு நவம்பரில் 'ஜெசிக்கா ஜோன்ஸ்'. எனக்கு இந்த வகையில் மிகப் பிடித்தது அதன் முதல் சீசன்தான். வில்லன் கில்கிரேவ் வாயால் சொன்னால் போதும், எதிரே நிற்பவர் செய்தே தீர வேண்டும். அப்படிப்பட்டவன் பிடியில் ஜெசிக்கா கிடந்த காலத்தை முழுசாக விரித்துக் காட்டி நம்மைப் பதறவைத்திருக்கலாம். அதைச் செய்யவில்லை. அவள் தப்பித்து வந்த பிறகு கதை தொடங்குகிறது. காரைத் தூக்கி நிறுத்துகிற பலம் இருக்கிறது, ஆனால் தூக்கம் இல்லை, குடி இருக்கிறது. பயம் தொண்டையை அடைக்கும்போது, சின்ன வயதில் வாழ்ந்த இடத்துத் தெருப் பெயர்களை ஒவ்வொன்றாக முணுமுணுக்கிறாள். எந்த வில்லனையும் அடிக்க உதவாத வித்தை அது. ஆனாலும் அந்த நேரத்தில் அவளைக் காப்பாற்றுவது அந்தத் தெருப் பெயர்கள்தான். இதைத்தான் நான் நிஜம் என்பேன்.

சரி, 'தி பாய்ஸ்'. அதன் முதல் எபிசோடில் ஏ-ட்ரெயின் என்ற சூப்பர்ஹீரோ மின்னல் வேகத்தில் ஓடிவந்து, ஹியூயி என்ற சாதாரண இளைஞனின் காதலியைச் சிதறடித்த பிறகு, அவள் கைகள் மட்டும் அவன் கையில் மிஞ்சும். எல்லோரும் பேசுவது அதைப் பற்றி. எனக்கோ அதற்கடுத்து வருவதுதான் உறைத்தது. சூப்பர்ஹீரோக்களை வைத்து வியாபாரம் செய்யும் நிறுவனத்து ஆள் வந்து, 45,000 டாலர் தருகிறோம், வெளியே பேச மாட்டேன் என்று கையெழுத்துப் போடு என்கிறான். ரத்தமில்லாத அந்தக் காட்சியில் இருக்கிற கொடுமை, முன்னால் வந்த ரத்தத்தில் இல்லை.

ஆனால் போகப் போக என்ன ஆயிற்று? ஒவ்வொரு சீசனும் முந்தையதைவிட அருவருப்பாக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் வந்துவிட்டது. தலை வெடிப்பது சிரிப்புக் காட்சி ஆகிவிட்டது. செத்தவனுக்குப் பெயர் கூடக் கிடையாது. 1966-ன் 'பவ்!' சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு திரும்பி வந்த மாதிரிதான் எனக்குப் பட்டது. இதில் இன்னொரு வேடிக்கை: நாயகர்களைச் சரக்காக்கி விற்கும் பெரிய கம்பெனியைக் கிண்டல் செய்யும் தொடர், அமேசானில் கிளைத் தொடர்களாகப் பெருகிக்கொண்டிருக்கிறது. அதில் வரும் கொடூர சூப்பர்ஹீரோ ஹோம்லாண்டரை உண்மையாகவே ஆதர்சமாகக் கொண்டாடுகிறவர்களும் கிளம்பிவிட்டார்கள். அதற்கு முழுப் பழியையும் எழுதியவர்கள் மேல் போட மாட்டேன், என்றாலும் யோசிக்க வேண்டிய விஷயம். 2018-ல் 'டைட்டன்ஸ்' தொடரின் முன்னோட்டத்தில், பேட்மேனின் கூட்டாளியாக இருந்த ராபின் பேட்மேனையே கெட்ட வார்த்தையில் திட்டினானே, அதைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். கெட்ட வார்த்தை பேசினால் பெரியவன் ஆகிவிடலாம் என்று நம்புவது தம்பி வயதுப் பிள்ளைகள்தான்.

'உலகம் அப்படித்தான்' என்று காட்ட வேண்டுமானால் 2019-ன் 'வாட்ச்மென்' தொடரைக் காட்டு. 1921-ல் டல்சா நகரில் வெள்ளையர் கும்பல் கறுப்பினத்தவரின் குடியிருப்பைச் சூறையாடிக் கொளுத்திய நிஜ நிகழ்விலிருந்துதான் அது தொடங்குகிறது. அப்படி ஒன்று நடந்ததையே அந்தத் தொடரைப் பார்த்துத் தெரிந்துகொண்ட அமெரிக்கர்கள் பலர்.

'இன்வின்சிபிள்' பற்றி நீ கேட்டிருந்தாய். கார்ட்டூன்தானே என்று சின்னப் பிள்ளைகளை முன்னால் உட்கார வைத்துவிட்டுப் போகிறவர்கள், முதல் எபிசோடின் கடைசி நிமிடங்களில் அலறிப் புடைத்துக்கொண்டு வருவார்கள். முதல் சீசனின் முடிவில் ஆம்னி-மேன் என்ற சூப்பர்ஹீரோ தன் மகனை ஓடும் ரயிலுக்கு முன்னால் பிடித்து நிறுத்துகிறானே, உள்ளே இருந்தவர்கள் கூழாகிறார்களே, அதைப் பார்க்க எனக்கும் முடியவில்லை. ஆனால் அந்த வன்முறையைத் தேவையில்லாதது என்று சொல்ல மாட்டேன். மனித உயிர் ஒன்றுமே இல்லை என்று மகனுக்கு 'பாடம்' நடத்துகிறான் அப்பன். அந்த ஒவ்வொரு சாவும் மகன் முகத்தில் தெரிகிறது. பிறகு, ஐந்நூறு ஆண்டு கழித்து உனக்கு என்னடா மிஞ்சும் என்று அடித்துக்கொண்டே கேட்கிறான். நீங்கள் இருப்பீர்களே அப்பா என்கிறான் பையன். ஓங்கிய கை நின்றுவிடுகிறது. ஒரு அப்பாவாக அதைப் பார்ப்பது வேறு மாதிரி, அம்மாடி. இதை நீயும் ஒரு அம்மா ஆகும்போது மறுபடி பார்.

அதனால் தம்பி விஷயத்தில் என் முடிவு இது. 'டேர்டெவில்' முதல் சீசனை நானும் கூட உட்கார்ந்து அவனோடு பார்க்கிறேன். கார் கதவை வைத்து வில்லன் ஃபிஸ்க் ஒருவனைக் கொல்லும் இடத்தில் நிறுத்தி, அவனிடம் பேச வேண்டும். 'தி பாய்ஸ்' 18 வயதுக்குப் பிறகு, அதற்குள் அவனுக்கே ஆசை விட்டுப்போனாலும் போகலாம். இதை நான் சொன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான். நீ சொன்னால் கேட்பான். சனிக்கிழமைக்குள் அவனைக் கூப்பிட்டுப் பேசிவிடு.

அன்புடன்,
அப்பா