கானா கொடியில் நட்சத்திரம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவின் சுதந்திர நாள் மார்ச் 6 (1957). 1960 ஜூலை 1 குடியரசான நாள். நம் பள்ளி விழாக்களில் கானாவைப் பற்றிச் சொல்லும்போது இரண்டையும் குழப்பிவிடுகிறார்கள். கொடியில் மேலே சிவப்பு, நடுவே பொன்மஞ்சள், கீழே பச்சை. கறுப்பு நட்சத்திரம் மஞ்சள் பட்டையின் நடுவில். அதை விட்டுவிட்டால் பொலிவியா கொடியாகிவிடும்!

கானாவில் சுதந்திர நாளன்று படையினரோடு பள்ளிப் பிள்ளைகளும் அணிவகுப்பார்கள். வெகுகாலம் தலைநகர் அக்ராவில்தான் முதன்மை விழா. 2019-இல் தமாலே, 2020-இல் குமாசி என வெளியூர்களுக்கும் போனது. மார்ச் வெயிலில் நெடுநேரம் நின்று பிள்ளைகள் மயங்கி விழுவதுண்டு. டெல்டா பள்ளிகளில் ஆகஸ்ட் 15 அன்றும் இதே கதைதான். வெறும் வயிற்றில் நிறுத்தாமல் இரண்டு இட்லி கொடுத்து, உரை முடியும்வரை நிழலில் உட்காரவைக்கலாமே.

சமூக அறிவியல் ஆசிரியர்கள் சிலர்,
மன்னார்குடி